மலை சொன்னதும் மரம் சொன்னதும்

ஆல்டோ லியோபோல்ட் அமெரிக்கத் தேசியக் காடுகளில் 1909 முதல் பணியாற்றிய வன அலுவலர். நியூ மெக்சிகோவின் ஹீலா காட்டில் ஒரு பெரும்பகுதியைச் சாலைகளின்றி, கால்நடையாகவும் குதிரையிலும் மட்டுமே செல்லத்தக்கதாக 1924இல் ஒதுக்கச் செய்தவர். அவருடைய 'ஏ சாண்ட் கவுன்டி அல்மனாக்' 1949இல், அவர் மறைந்த மறு ஆண்டில், வெளிவந்தது.

அதில் 'மலையைப் போல் சிந்தித்தல்' என்னும் கட்டுரையை நீங்கள் அவசியம் படிக்கவேண்டும். ஓநாய்கள் ஒழிந்தால் மான்கள் பெருகும் என நம்பி இளமையில் ஓநாயைச் சுட்டவர் அவர். பின்னர், ஓநாயற்ற மலைகளில் மான்கள் செடிகொடிகளைத் தின்று தீர்த்துப் பட்டினியால் மடிவதைக் கண்டார்.

நடையழகில் மயங்கி இதை நிறுவப்பட்ட விதியாகக் கொள்ளலாமா? பாடநூல்கள் இதற்குச் சான்றாகக் காட்டியது அரிசோனாவின் கைபாப் மான் கணக்கை. அக்கணக்கு நம்பத்தக்கதன்று; அதே காலத்தில் அங்கு மேய்ந்த ஆடுமாடுகளும் குறைந்தன என்று 1970இல் கிரேம் காக்லி மறுத்தார். ஆனால் கைபாப் ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணித்து 2006இல் வெளியான ஆய்வு, மான்கள் பெருகியதாகச் சொல்லப்பட்ட 1920களில் முளைத்துத் தப்பிய மரங்கள் மிகச் சிலவே எனக் கண்டது. லியோபோல்டின் கருத்து மீண்டும் வலுப்பெற்றது.

கட்டுரையில் எண்களோ அட்டவணைகளோ இல்லை, அது குறையே. எனினும், காட்டுத் தடத்தில் நடந்தவர் எழுப்பிய நல்ல வினாவாக அதைப் படியுங்கள். விடையை மரங்களிடமும் கேளுங்கள்.