கூத்துக்குள் ஒரு பதிகம்

2002-இல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி, உலகெங்கும் உள்ள நேயர்களிடம் அவர்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காவதாக வந்தது. குயீன் ராக் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’க்குப் பத்தாம் இடம். தேவாரத்திலிருந்து கோம்பைக்கு பஸ் ஏறினால் வழியில் வருகிற பண்ணைப்புரம்தான் ‘ராக்கம்மா’வுக்கு இசையமைத்த இளையராஜா பிறந்த ஊர்.

இணையத்தில் நடந்த வாக்கெடுப்பு அது. ஐந்தாவதாக வந்ததும் தமிழ்ப் பாட்டுதான்: ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. புலம்பெயர்ந்த தமிழர் திரண்டு வாக்களித்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. ஆகவே அந்த நான்கு என்ற எண்ணை வைத்துப் பாட்டை எடை போட வேண்டியதில்லை. எண்ணை மறந்துவிட்டுக் கேட்டாலும் அது பெரிய பாட்டு.

1991 தீபாவளிக்கு வந்த படம். வரிகள் வாலி, பாடியவர்கள் எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும். தொடக்கத்தில் வயலின் மூச்சுவிடாமல் ஓடிவரும் ஓட்டத்திலேயே கேட்பவர் கால் நிலைகொள்ளாது. பிறகு தாளம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கையடி புதிதல்ல. எஸ்.பி.பி. சிரிப்பைக் குரலுக்குள்ளேயே வைத்துப் பாடுகிறார். ஸ்வர்ணலதா குழையாமல், மிடுக்காக எதிர்கொள்கிறார்.

இந்தக் கூத்துக்கு ஊடேதான் அந்த இடம் வருகிறது. ஆரவாரம் அடங்கி, பெண்கள் கூட்டாகத் திருநாவுக்கரசரின் தில்லைப் பதிகத்திலிருந்து ஒரு பாடலை எடுக்கிறார்கள். ஆடல்வல்லானின் முகத்தையும் மேனியையும் பார்த்துப் பார்த்து உருகும் நான்காம் திருமுறைப் பாடல். திரையில் ஷோபனா. ரவுடிக் கும்பலின் ஆட்டமும் கோயில் பாட்டும் ஒரே பாட்டுக்குள் எப்படி ஒட்டும்? ஒட்டுகிறது. ஆடுகிற கடவுளைப் பற்றிய பாடல் ஆட்டத்துக்கு நடுவே வருவதில் என்ன முரண்! ‘பொஹீமியன் ராப்சடி’யும் மென்பாட்டாகத் தொடங்கி, ஆபராவுக்குப் போய், ராக்கில் வெடிக்கிற பாட்டுதான். அங்கே திருப்பங்கள் திடுக்கிட வைக்கின்றன. அதுவே அதன் அழகு. இங்கே பதிகம் எப்போது நுழைந்தது என்று யோசிப்பதற்குள் நாம் அதற்குள் இருக்கிறோம். எனக்கு இதுதான் கடினமான வேலையாகப் படுகிறது.

இந்தத் துணிச்சல் மேடையில் பழகியதாக இருக்க வேண்டும். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன், மலைக்கு அந்தப் பக்கம் 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்காகப் பாடியவர். அவரோடு ஊர் ஊராகப் போன தம்பிகளுக்கு, எதிரே நிற்கும் கூட்டத்தை எந்த இடத்தில் குலுக்கலாம், எந்த இடத்தில் அடக்கலாம் என்பது அத்துபடியாகியிருக்கும்.

அடுத்த முறை இந்தப் பாட்டைப் போடும்போது ஆடிக்கொண்டே கடந்துவிடாதீர்கள். பதிகம் வருகிற இடத்தில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குரல்களுக்குப் பின்னால் வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்று கேளுங்கள்.