பூசிய பானை

கல்யாண மணவறையில் அடுக்கி வைக்கும் அரசாணிப் பானைகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையடித்து, அதன்மேல் காவியும் பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள், பூக்கள். கை கொஞ்சம் நடுங்கிப் போட்ட கோடுதான் அதில் அழகு. இப்போது வீட்டிலேயே சின்னப் பானைக்கு வர்ணம் பூசி, கொலுவுக்கு வருகிறவர்களுக்கும் புதுவீடு குடிபோகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். கடையில் வாங்கிய பீங்கான் கோப்பையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். பெயின்ட்டையும் அப்படியே குடித்துவிடும். அதனால் தூசி போகக் கழுவி, ஓரிரு நாள் நன்றாகக் காயவிட்டு, முதலில் வெள்ளை பிரைமர் ஒரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக். பானையின் வளைந்த வயிற்றில் சீராகக் கோடு இழுப்பது லேசில்லை. தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பானையைச் சுற்றினால் வளையம் தானே வந்து சேரும். புள்ளி வைக்கத் தீக்குச்சியின் பின்முனை போதும். பெயின்ட்டில் தொட்டு, செங்குத்தாக ஒற்றி எடுக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்தாலும் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். (வால் முளைத்ததை இலையாக மாற்றிவிடுகிற கெட்டிக்காரிகளும் உண்டு.)

செடி வைக்கப் போகிற தொட்டியென்றால் உள்பக்கமும் வார்னிஷ் வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் சுவர் வழியே கசிந்து, வெளிப்பூச்சு கொப்புளித்து உரியும். அடியில் இருக்கும் ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தயிர் உறைய வைக்கும் சட்டிக்கு வர்ணமே வேண்டாம். வாய்க்குப் போகிற பொருள் அதில் இருக்கப்போகிறது. மானாமதுரைச் சட்டியாக இருந்தால் அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கொடுத்துவிடலாம்.