வாழ்க்கை வரலாறும் வெகுசன இசைக் கலைஞனும்: எல்விஸ் பிறெஸ்லி பற்றிய நூல்களை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

வெகுசன இசைக் கலைஞரின் வாழ்க்கை வரலாறுகள் ஆங்கிலத்தில் இன்று தனியொரு நூல்வகையாக வளர்ந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இரு எல்லைகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பன. ஒன்று, கலைஞனைத் தெய்வப் பிறவியாக்கும் புகழ்மாலை; மற்றையது, அவனது அந்தரங்கத்தைச் சந்தைக்குக் கொணரும் வசைநூல். இவை தம்முள் முரண்பட்டனபோலத் தோன்றினும், தனிமனிதனே தன் கலையை முற்றாக ஆக்குகிறான் அல்லது அழிக்கிறான் என்ற ஒரே கருத்துநிலையிற் காலூன்றியவை என்பது எமது துணிபு. ஒருவனது பாட்டு ஒரு காலத்தில் உயிர்ப்புடனும் பிறிதொரு காலத்தில் உயிரற்றும் அமைந்தது ஏன் என்ற வினாவை எதிர்கொள்ளாத வரலாறு, எத்துணைத் தகவல்களைத் தரினும், அக்கலைஞனைச் சித்திரித்ததாகாது. எல்விஸ் பிறெஸ்லி (1935–1977) பற்றிய நூல்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1971இல் ஜெரி ஹொப்கின்ஸ் எழுதிய நூல் இத்துறையில் ஒரு தொடக்கம். 1977 ஆகஸ்டில், பிறெஸ்லி இறப்பதற்கு ஏறத்தாழ இரு வாரங்கள் முன்னதாக, வேலைநீக்கப்பட்ட மெய்க்காவலர் மூவரின் வாக்குமூலம் நூலாக வெளிவந்தது. எனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை இரண்டு: அல்பேட் கோல்ட்மன் 1981இல் வெளியிட்ட ‘எல்விஸ்’, பீற்றர் குரல்னிக் 1994இலும் 1999இலும் இரு பாகங்களாக வெளியிட்ட வரலாறு.

கோல்ட்மன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர். மிசிசிப்பி மாநிலத்தின் ரியூப்பலோ ஊரில், ஈரறை வீட்டிற் பிறந்தவர் பிறெஸ்லி. காசோலையொன்றைத் திருத்திய குற்றத்துக்காக அவரது தந்தை 1938இற் சிறைசென்றார். 1948இல் குடும்பம் மெம்பிஸ் நகருக்குப் பெயர்ந்து, சிறிது காலத்தில் அரசாங்கக் குடியிருப்பொன்றிற் குடியேறிற்று. நிலமற்ற தென்னக வெள்ளைக் குடியானவர் நகர்ப்புறத் தொழிலாளராக மாறிய வரலாறு இக்குடும்பத்திற் பொதிந்துள்ளது. கோல்ட்மனோ இதனை ஓர் இழிகுலத்தின் கதையாகவே காண்கிறார். அம்மக்களின் உணவு, உடை, வீட்டலங்காரம், சமயம் யாவும் அவருக்கு நகைப்புக்குரியனவாகின்றன. இது வெறும் தனிப்பட்ட காழ்ப்பன்று; கற்ற மத்தியதர வர்க்கம் உழைக்கும் மக்களின் இரசனைமீது கொண்டுள்ள வெறுப்பின் வெளிப்பாடாகும். முகாமையாளர் தொம் பார்க்கரின் ஒல்லாந்துப் பிறப்பையும் வணிகச் சூழ்ச்சிகளையும் பரவலாக அறியச்செய்தவற்றுள் இந்நூலும் ஒன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் பாடகரை வெறுப்பவர் பாட்டைக் கேட்கமாட்டார். கேளாதவரால் அதன் தோற்றத்தை விளக்கவும் இயலாது.

குரல்னிக்கின் சாதனை இவ்விடத்திலேயே தொடங்குகிறது. தேவாலய இசை, வெள்ளைக் கிராமியப் பாடல், கறுப்பின மக்களின் புளூஸ் ஆகியன மெம்பிசின் தெருக்களிலும் வானொலியிலும் கலந்தமையை அவர் பொறுமையுடன் விவரிக்கிறார். 1954 ஜூலை 5ஆம் திகதி சாம் பிலிப்சின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், கிற்றார் வாசித்த ஸ்கொற்றி மூர், பாஸ் வாசித்த பில் பிளாக் ஆகியோருடன் பிறெஸ்லி முயன்றும் தவறியும் ஒரு புதிய ஒலியைக் கண்டடைந்தமை கூட்டு உழைப்பின் சித்திரமாக அமைகிறது. தம் இசை கறுப்பின மக்களிடமிருந்து வந்ததே எனப் பிறெஸ்லி 1956இற் சார்லட் நகரிற் கூறியதையும் அவர் பதிவுசெய்கிறார். சமூக வரலாறும் வாழ்க்கை வரலாறும் இணையும் பகுதிகள் இவை.

இரண்டாம் பாகத்தில் இவ்விணைப்பு தளர்கிறது. தாயின் மரணம், தனிமை, மருந்துப் பழக்கம் என வீழ்ச்சி அகவயக் காரணங்களாற் பெரிதும் விளக்கப்படுகிறது. ஆனால் 1960களின் பாடல்கள் நலிந்தமைக்குத் திட்டவட்டமான பொருளியற் காரணமொன்று உண்டு. பிறெஸ்லி பாடவேண்டுமாயின், வெளியீட்டுரிமையில் ஒரு பங்கைப் பாடலாசிரியர் அவர்சார்ந்த நிறுவனங்களுக்குக் கையளிக்கவேண்டும் என்பது நடைமுறை. 1956இலேயே ஓற்றிஸ் பிளாக்வெல் எழுதிய பாடலில் பிறெஸ்லியின் பெயரும் ஆசிரியராகச் சேர்க்கப்பட்டது. தம் உரிமையைப் பேணக்கூடிய ஆற்றல்மிக்க பாடலாசிரியர் காலப்போக்கில் விலகிநிற்க, ஒப்பந்தத் திரைப்படங்களுக்கெனத் தயாரிக்கப்பட்ட பாடல்களே எஞ்சின. 1969 ஜனவரியில் மெம்பிசில் ஒலிப்பதிவை நெறிப்படுத்திய சிப்ஸ் மோமன், தமது வெளியீட்டுரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தார். அம்மறுப்பையும் மீறிப் பதிவாகிய பாடல் அவ்வாண்டிறுதியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. முந்திய ஆண்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஊட்டிய தன்னம்பிக்கையும் இதற்குத் துணைநின்றது உண்மையே. எனினும் உழைப்பின் நிலைமைகள் மாறியபோது கலையும் மாறியது என்பது மனங்கொளத்தக்கது.

குரல்னிக் இச்செய்திகளை மறைத்தாரல்லர். அவரது நூலிலேயே இவற்றைக் காணலாம். 1973இல் அதுவரையான ஒலிப்பதிவுகளின் உரிமை 54 இலட்சம் டொலருக்கு ஆர்.சி.ஏ. கம்பனிக்கு விற்கப்பட்டதையும், அதிற் சரிபாதியைப் பார்க்கர் பெற்றதையும் அவர் எழுதுகிறார். ஆனால் இவை அவலக்கதையின் சம்பவங்களாக நிற்கின்றனவேயன்றி, விளக்கத்தின் அச்சாணியாகவில்லை. சுரண்டல் பார்க்கர் என்ற தனிமனிதனின் குணவிசேடமாகச் சுருங்கிவிடுகிறது.

இதனால் நிகழும் இழப்பு பிறெஸ்லியோடு நின்றுவிடுவதன்று. 1954இல் அவரது முதல் இசைத்தட்டாக வெளிவந்த பாடல் மிசிசிப்பியின் கறுப்பினப் பாடகர் ஆதர் குறூடப் 1946இல் இசைத்தட்டாகப் பாடியது. குறூடப்பின் இசைத்தட்டுகளை வெளியிட்டதும், 1955இல் 35,000 டொலர் கொடுத்துப் பிறெஸ்லியின் ஒப்பந்தத்தை வாங்கியதும் ஒரே ஆர்.சி.ஏ. கம்பனிதான். குறூடப் விவசாயக் கூலியாக வாழ்ந்து, தமக்குரிய உரிமைப்பணத்தை முறையாகப் பெறாமலே 1974இல் மறைந்தார். பிறெஸ்லி இவரைப் போற்றினார் என்பதுடன் அமைதிகாண்பது போதாது. இருவரின் உழைப்பும் ஒரே இயந்திரத்தினுட் செல்ல, இனமும் வர்க்கமும் ஒருவனுக்கு மாளிகையையும் மற்றவனுக்கு வயலையும் விதித்தன. மாளிகையில் இருந்தவனும் தன் உழைப்பின்மீது ஆட்சி பெற்றானல்லன். இவ்வுறவை மையமாகக் கொள்ளாத வரலாறு இருவரையும் காணத் தவறுகிறது.

வாழ்க்கை வரலாற்றிலிருந்து தனிமனிதனை அகற்றவேண்டும் என்பது எமது கருத்தன்று. அத்தகைய பொறிமுறைவாதம் கலையின் தனித்தன்மையை விளக்காது. பிறெஸ்லியின் குரல் பிறெஸ்லியினுடையதே. அக்குரல் எவ்வகை மக்களிடையே உருப்பெற்றது, எவ்வொப்பந்தங்களினூடாகப் பண்டமாகியது, அப்பண்டமாக்கம் குரலுக்கு என்ன செய்தது என்பனவற்றை ஒருசேர விளக்கும் வரலாற்றையே நாம் வேண்டிநிற்கிறோம். கோல்ட்மன் அதற்குத் தடை. குரல்னிக் அதற்கான சான்றுகளைத் திரட்டித் தந்தவர். அவற்றிலிருந்து மேற்செல்வது முற்போக்குத் திறனாய்வின் கடனாகும்.