வெளுத்த டேஷ்போர்டுக்கு எது மருந்து?

டேஷ்போர்டு பளபளக்கக் கூடாது. பழைய காரின் உள்பக்கப் பிளாஸ்டிக்கைப் புதுப்பிக்கக் கிளம்பும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். புதிதாக வந்த நாளில் அது மங்கலாகவும் கொஞ்சம் சொரசொரப்பாகவும்தான் இருந்தது. வெயில் பட்டு முன்கண்ணாடியில் எதிரொளிக்காமல் இருப்பதற்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும். கடையில் 'டேஷ்போர்டு பாலிஷ்' என்று கேட்டால் கிடைப்பவற்றில் பல அந்தப் பழைய நிறத்தைத் தருவதில்லை. எண்ணெய் பூசிய மினுமினுப்பைத்தான் தருகின்றன.

நான் வேலை பார்த்தது 2001 மாடல் மாருதி 800 ஒன்றில். டி. கல்லுப்பட்டியில் கூரை இல்லாத இடத்தில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன இந்தக் காருக்கு இன்றும் மெக்கானிக் கிடைப்பார், என்ஜின் சாமான் கிடைக்கும். வெளுத்துப்போன உள்பாகங்களைத்தான் 'பழசு அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த காந்தி நிகேதன் ஆசிரமம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நிலைத்து நிற்பதையே பொருளாதாரமாக எழுதியவர் அவர். இருக்கிற டேஷ்போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று தேடி அலைவதைவிட, இருப்பதைத் தேற்றுவதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். சோப்பு நீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு அழுக்கை எடுத்துவிட்டு, நன்றாக உலர விட்டு, பிறகு வெளுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை பழைய கருஞ்சாம்பல் நிறம் திரும்பி வருகிறதா? வந்தால் நிறம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் பிளாஸ்டிக்கின் மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளாகப் பிளக்கிறது. அந்த வெடிப்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அவற்றை நிரப்பியதும் சிதறல் குறைகிறது, நனைந்த சிமென்ட் தரை கறுத்துத் தெரிவதைப் போல. ஈரத்திலும் நிறம் வரவில்லை என்றால் சாயமே செத்துவிட்டது. அப்புறம் எந்தப் பாலிஷும் உதவாது, பெயின்ட் ஒன்றுதான் வழி. பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே பாட்டில் மேல் பாட்டில் வாங்குகிறார்கள்.

இந்த வண்டியில் டேஷ்போர்டின் பெரும்பகுதி முதல் வகை. ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியிருக்கும் கவர் இரண்டாம் வகை.

ஊர் வழக்கமான தேங்காய் எண்ணெயை ஒரு மூலையில் தடவிப் பார்த்தேன். நிறம் உடனே வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றில் உலர்ந்து படலமாகும் ரகமல்ல, ஈரமாகவே கிடக்கும். கல்லுப்பட்டியைச் சுற்றிக் கரிசல் மண். கோடையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் அந்த நுண்தூசி முழுக்க எண்ணெயில் போய் ஒட்டி, சொரசொரப்பின் குழிகளில் பசையாக இறங்கிவிடுகிறது. அதை வெளியே எடுக்க மறுபடியும் பிரஷ் போட வேண்டியிருந்தது. நாளாக நாளாகச் சிக்கு வாடையும் வரும். வேண்டாம்.

சிலிகான் ஷைனர் ஸ்ப்ரே அடுத்தது. பார்க்க அமர்க்களமாக இருக்கிறது, ஓட்டினால்தான் சிரமம் தெரிகிறது. காலையில் திருமங்கலம் நோக்கிப் போகும்போது சூரியன் முன்பக்கம்தான் இருக்கும், சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே. டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, ரோட்டோரம் வரும் சைக்கிள்காரரைக் கவனிப்பதே கஷ்டமாகிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை டேஷ்போர்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று: சிலிகான் பட்ட பரப்பில் பிறகு பெயின்ட் அடித்தால், பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி ஓடும். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிகானை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்டீயரிங் வளையம், பெடல், இருக்கை ஆகியவற்றிலும் இது படக் கூடாது, வழுக்கும்.

ஹீட் கன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிப்பக்கக் கறுப்பு பம்பரில் சூடு காட்டினால் நிறம் கறுத்துத் திரும்புவது உண்மைதான். மேல்தோல் லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் அப்படி நடக்கிறது. பாலிப்ரொப்பிலீன் உருகுவது 160 டிகிரி செல்சியஸ் சுமாரில், ஹீட் கன் முனையில் வரும் காற்றோ 500 டிகிரியைத் தாண்டும். தனியாகக் கழற்றிய கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒன்றில் காட்டிப் பார்த்ததில், சொரசொரப்பு அழிந்து திட்டுத் திட்டாக மினுங்கியது. காருக்குள் இந்த வேலையே கூடாது.

எனக்கு மனநிறைவு தந்தது தண்ணீர் கலந்த, எண்ணெய்ப்பசையில்லாத, புற ஊதாத் தடுப்புள்ள புரொடெக்டன்ட். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. துணியில் கொஞ்சம் தெளித்து, மெல்லத் தேய்த்து, ஐந்து நிமிஷம் கழித்து வேறு உலர்ந்த துணியால் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பைத் தவறவிட்டால் இதுவும் தூசியைப் பிடிக்கும். நிறம் எண்ணெய் அளவுக்கு அடர்த்தியாக வராது. புதுக் காரின் மங்கல் சாம்பல் வரும், தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டாது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருப்பதுதான் இதன் குறை. வெடிப்பு மறைகிறதே ஒழிய ஆறுவதில்லை.

சாயம் செத்த ஸ்டீயரிங் கவருக்கு பிளாஸ்டிக்குக்கான ஸ்ப்ரே பெயின்ட்தான் கைகொடுத்தது. இங்கே எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்வது முக்கியம். பல கார்களில் பாகத்தின் பின்பக்கம் பி.பி., ஏ.பி.எஸ். என்று அச்சிட்டிருக்கும். பி.பி. என்றால் பாலிப்ரொப்பிலீன். அதன் மேல் பெயின்ட் சும்மா பிடிக்காது. ஒட்டுதலுக்கென்று விற்கும் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவரும். ஏ.பி.எஸ்.ஸில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தின்னர் ஊற்றித் துடைத்தால் பிளாஸ்டிக்கே கரையும். குறி இல்லாத சிறு பாகத்தைத் தண்ணீரில் போடலாம். மிதந்தால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான். மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று முடிவு கட்டிவிட வேண்டாம், டால்க் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீனும் மூழ்கும். சந்தேகம் வந்தால் பிரைமர் அடித்துவிடுவது நல்லது. பெயின்டை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். ஒரே பூச்சில் மூட நினைத்தால் சொரசொரப்பு நிரம்பி வழவழவென்று ஆகிவிடும்.

காற்றுப்பை உள்ள பிந்தைய கார்களில் அதன் மூடிமேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. விரிய வேண்டிய நேரத்தில் அந்த மூடி சரியாகக் கிழிந்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி அதே வெயிலில் நின்றால் அடுத்த கோடைக்குள் மறுபடி வெளுக்கும். முன்கண்ணாடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகளில் அந்தப் படலம் இல்லை, அலைநீளம் கூடிய புற ஊதாக் கதிர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். முன்பக்கத்தை வதைப்பது வெப்பம். அமெரிக்காவின் அரிசோனாவில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. நம் சித்திரை வெயிலும் சளைத்ததல்ல. கறுப்பு ஃபிலிம் ஒட்டி மறைக்க நினைத்தால் சட்டம் விடாது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி.

ஆகவே புரொடெக்டன்ட் வாங்கும்போதே மடக்கி விரிக்கும் வெள்ளித்தாள் மறைப்பு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் மறைப்பை வாங்குங்கள். புரொடெக்டன்டை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.