தனிவழிப் பயணமும் தூரத்துப் பச்சையும்

அண்மைக் காலத்தில் தமிழில் பெருகிவரும் எழுத்து வகைகளுள் தனிவழிப் பயணக் கட்டுரையும் ஒன்று. அதன் அச்சு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. முதுகுப் பையொன்றைச் சுமந்துகொண்டு ஒருவர் தன்னந்தனியே புறப்படுகிறார். அவர் போய்ச் சேரும் இடம் உலகத்தின் ஓரத்திலே இருக்கவேண்டும். பசிபிக் மாக்கடலின் பொலினீசியத் தீவொன்றாயின் மிகச் சிறப்பு. அன்று அங்கே பெரிய வெள்ளியோ உயிர்த்த ஞாயிறோ நடக்கிறது. கடைகள் அடைத்திருக்கின்றன, படகில்லை, பேருந்தில்லை. தேவாலயத்திலிருந்து பாட்டொலி மிதந்து வருகிறது. முன்பின் அறியாத குடும்பமொன்று அவரை அழைத்து விருந்திடுகிறது. இரவிலே விண்மீன்களின் கீழ் அவர் தம்மைத் தாமே கண்டுகொள்கிறார். கட்டுரை முடிகிறது.

இந்த அச்சிலே கடலை எடுத்துவிட்டு மலையை வையுங்கள். தேவாலயத்தின் இடத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலையும், உயிர்த்த ஞாயிறின் இடத்தில் தீபாவளியையும் வையுங்கள். நமது ஊவா மலைகளைப் பற்றிய பயணக் கட்டுரை ஆயத்தமாகிவிடும். எல்ல, அப்புத்தளை, லிப்டன் ஆசனம், தியலும நீர்வீழ்ச்சி என்று பெயர்கள் மாறுமேயன்றிப் பார்வை மாறுவதில்லை. நாம் இங்கு ஆராயப் புகுவது தனியொரு ஆசிரியரின் குறைகளை அன்று. இவ்வகை எழுத்துக்கு அடிப்படையாயுள்ள உலக நோக்கையே.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நன்று. தனியே புறப்படுவதை நாம் ஏளனஞ் செய்பவரல்லர். அடுத்த ஊருக்குப் பேருந்தேறுவதற்கும் நால்வரின் அனுமதியைப் பெற்றாக வேண்டிய சமூகத்திலே, ஒரு பெண் தன் பையைத் தானே சுமந்து கடல் கடந்து செல்வாளாயின் அது வரவேற்கத்தக்க வெற்றியே. பயண இலக்கியமும் இழிந்ததொன்றன்று. ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வெளிவந்தது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காக நாடு நாடாய் அலைந்த அவர், தம்மைப் பின்னே நிறுத்திக் கண்ட மனிதரை முன்னே நிறுத்தினார். இன்றைய கட்டுரைகளில் இம்முறை தலைகீழாகிவிட்டது. பயணி மட்டுமே மனிதர். ஏனையோர் அவர் பின்னால் தீட்டப்பட்ட திரைச்சீலை.

இவ்வெழுத்து மூன்று சொற்களின்மேல் நிற்கிறது: தொலைவு, தனிமை, விடுமுறை. மூன்றையும் உரசிப் பார்ப்போம்.

தொலைவு என்பது எங்கிருந்து எவ்விடத்துக்கு? ஓவியர் கோகன் 1891இல் பாரிசிலிருந்து தாஹித்திக்குப் புறப்பட்டார். மாசற்ற ஆதி உலகைத் தேடிச் சென்றவர் கண்டது, பிரெஞ்சு ஆட்சியும் மதபோதகரும் முன்னரே வந்து குந்தியிருந்த குடியேற்ற நாட்டையே. ஆயினும் அவரது தூரிகை தாஹித்தியைத் ‘தொலைவில்’ வைத்தே தீட்டிற்று. அவருக்குப் பின் வந்தோர் அந்தத் தொலைவையே விலைக்கு வாங்கினர். தொங்கா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த எபெலி ஹவுஓபா என்னும் அறிஞர் 1993இல் ‘நமது தீவுகளின் கடல்’ என்ற கட்டுரையிலே இதற்கு மறுப்பெழுதினார். தூரத்துக் கடலிலே சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகள் என்பது வெளியாரின் கணக்கு; அம்மக்களுக்கோ கடலே வீடு, கடலே பாதை என்பது அவரது வாதத்தின் சாரம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1966 முதல் 1996 வரை முரூரோவா, பங்கதௌபா என்னும் பவளத் தீவுகளில் பிரான்சு 193 அணுகுண்டுச் சோதனைகளை நடத்திற்று. ஆளரவமற்ற தொலைவு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். உல்லாசப் பயணச் சீட்டை விற்கும் சொல்லும் குண்டு வெடிக்க இடந்தேடும் சொல்லும் ஒன்றாயிருத்தல் தற்செயலாகுமா?

பசிபிக் தீவு தமிழிலக்கியத்தில் நிலைத்த இடம்பெற்றது உல்லாசப் பயணத்தாலன்று, பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டினாலாகும். பொலினீசியத்தின் மேற்கு விளிம்பை அடுத்துள்ள பிஜித் தீவுகளுக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் ஏற்றிச் செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. பாரதியார் பிஜியில் கால் வைத்தவரல்லர். ஆயினும் போய்த் திரும்பிய பலர் காணாததை அவர் கண்டார். பார்வையின் தெளிவுக்குப் பயணச் சீட்டு உத்தரவாதம் அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கரும்புக்காகப் பிஜிக்குக் கப்பல் விட்ட அதே ஏகாதிபத்தியம், கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் இன்னொரு மக்கட் கூட்டத்தை மன்னார்க் கரையிலிறக்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடத்திற்று. அவர்களுந்தாம் மூட்டை சுமந்து நடந்தவர்கள்; வழியிலே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினான். அவன் அமர்ந்து தன் உடைமையைக் கண்டு களித்த குன்று இன்று பயணிகள் விடியற்காலையில் ஏறும் ‘ஆசனம்’. கண்டி ஹந்தானையிலிருந்து ஊவா வழியாக நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ’ நடைபாதை நடைப் பயணிகளுக்காக வகுக்கப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதி தேயிலைக்காக வெட்டிய பழைய தோட்டப் பாதைகளே. வெட்டிய கைகளைப் பற்றிப் பயணக் கட்டுரைகள் பேசுவதில்லை.

இனித் தனிமையும் விடுமுறையும். தீபாவளிக்கு முந்திய நாட்களில் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் புறப்படும் புகைவண்டியை நினைத்துப் பார்ப்போம். முதுகுப் பையுடன் ஒருவர் வாசற்படியில் தொங்கியபடி பள்ளத்தாக்கைப் படம் பிடிக்கிறார். அதே பெட்டியின் உள்ளே, கழிவறைக் கதவோரத்தில், பிதுங்கிய பையொன்றை மடியில் அணைத்தபடி இருபது வயதுப் பெண்ணொருத்தி குந்தியிருக்கிறாள். அவள் கொழும்பிலே யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு நிற்பவள். பண்டிகைக்கு நான்கு நாள் விடுப்புப் பெற்று வருகிறாள். நாளை அவளோ அவள் தங்கையோ வளைகுடா நாட்டுக்கு விமானமேறக்கூடும், மொழி அறியாமல், துணை யாருமில்லாமல். இருவரும் தனிவழிப் பயணிகளே. இருவரிடமும் ஒவ்வொரு பை. ஒருவரது பயணம் இலக்கியமாகிறது. மற்றவளது பயணம் தரகர் ஏட்டில் ஒரு வரியாகிறது. துணிவு யாருக்கு அதிகம் என்று கேட்டால், விடை சொல்ல நமது பயண எழுத்தாளர் தயங்குவாரல்லவா?

பசிபிக்கிலும் இதுவே நிலை. சமோவா, தொங்கா மக்கள் 1960களிலும் 1970களிலும் நியூசிலாந்தின் தொழிற்சாலைகளுக்குச் சென்று உழைத்தனர். பொருளாதாரம் சரிந்தபோது விடியற்காலையிலே அவர்களின் வீடுகளுட் புகுந்து பொலிசார் பிடித்தனர். அதற்காக அந்நாட்டரசு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. நம் மலைநாட்டிலே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பல லட்சம் உழைப்பாளரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காய்ப் பங்கிட்டது. வந்து தரிசிக்கத் தடையற்றவர் ஒரு சாரார். வாழ்ந்து உழைத்தும் சீட்டுக் கேட்கப்பட்டவர் இன்னொரு சாரார். தனிமையை விரும்பித் தேர்தல் வேறு. தனிமைக்குத் தள்ளப்படுதல் வேறு.

பண்டிகை நாளில் எல்லாம் மூடியிருந்ததைப் பயணி தம் சாகசத்தின் பகுதியாக எழுதுகிறார். தொங்காவின் 1875ஆம் ஆண்டு அரசியல் யாப்பு ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாக்கித் தொழிலையும் வாணிகத்தையும் நிறுத்திற்று. அதன் சமயக் கருத்தை நாம் ஏற்கலாம், ஏற்காதிருக்கலாம். ஆனால் படகோட்டியும் சமையற்காரியும் ஒருநாள் கை மடக்கி அமர்வது அவர்களுக்குரிய ஓய்வு. அது பயணிக்கு நேர்ந்த இடையூறன்று. தோட்டத்திலோ பண்டிகையின் பொருளாதாரம் இன்னும் கசப்பானது. தீபாவளி முற்பணம் என்று தோட்டத்தில் கொடுக்கப்படுவது இனாமன்று. பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் தவணை தவணையாய்க் கழிக்கப்படும் கடன். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்ற நிலையில் அக்கடன் அடைக்கப்படுகிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டுமென்ற கோரிக்கை, பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. ஆகவே லயத்து வாசலில் அந்நியருக்கு நீட்டப்படும் தட்டிலே முறுக்கும் பலகாரமும் மட்டும் இருப்பதில்லை. இன்னும் பறிக்கப்படாத கொழுந்தும் இருக்கிறது. ‘ஏழையின் புன்னகை’ என்று அதனை வியந்தெழுதுபவர், உண்டது யார் கணக்கில் என்று ஒருகால் கேட்டிருந்தாரானால், அந்தப் புன்னகையின் பெருமை பன்மடங்காய்ப் புலப்பட்டிருக்கும்.

இவ்விடத்தில் நாம் மீரியபெத்தையின்முன் நிற்கிறோம்.

கொஸ்லந்தைக்கு மேலே, ஹல்துமுல்லைப் பிரதேசத்திலே உள்ளது அத்தோட்டம். அதற்கு அப்பால், அதே வெல்லவாய வீதியில், 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும வீழ்கிறது. பயணிகள் ஏறி, நீராடிப் படமெடுக்கும் இடம். 2014இல் தீபாவளி ஒக்டோபர் 22ஆந் தேதி, புதன்கிழமை. சரியாக அடுத்த புதன், 29ஆந் தேதி காலை, பெருமழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. காலையிலேயே பாடசாலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் சிலருக்குத் திரும்ப வீடுமில்லை, பெற்றோருமில்லை. மாண்டவர் எத்தனை பேர் என்ற எண்ணே நிலைகொள்ளாமல் தடுமாறிற்று. முதலில் நூற்றுக்கணக்கில் என்றனர். பிறகு நூற்றுக்குள் என்றனர். பின்னர் மேலும் குறைத்தனர். ஒவ்வொரு கிலோக் கொழுந்தையும் தராசிலிட்டுப் பதியும் தோட்டத்திலே, காம்பராவுக்குள் உறங்கிய உயிர்களின் தொகை உடனே தெரியவில்லை என்றால், அத்தோட்டம் எதனை எண்ணிவந்தது, எதனை எண்ணாமல் விட்டது என்பது விளங்கவில்லையா?

இது எதிர்பாராத இயற்கைச் சீற்றமுமன்று. அச்சரிவு ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் மலைச்சரிவில் இருந்தனர். போவென்றால் போவதற்கு அவர்களுக்குச் சொந்தக் காணி ஏது? ஒன்றரை நூற்றாண்டாய் நிலத்தைப் பண்படுத்தியவர்களுக்கு அந்நிலத்தில் ஓரடியும் உரிமையில்லை; பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் தோட்டத்துடையது. உயிர் தப்பியோர் பாடசாலையிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒண்டியிருந்தனர். புதிய வீடுகள் கையளிக்கப்பட ஏறத்தாழ ஈராண்டு சென்றது. மழை தொடங்கியதும் மேலே பார்த்து உறங்காதிருக்கும் லயங்கள் ஊவாவில் மீரியபெத்தையோடு தீர்ந்துவிடவில்லை.

பயணக் கட்டுரையில் மண்சரிவு பற்றியா எழுத வேண்டும், அழகைப் பாடுவது குற்றமா என்று சிலர் கேட்பர். நியாயமான வினாவே. அழகு குற்றமன்று. ஊவாவின் மூடுபனியை நாமும் நேசிக்கிறோம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்தி வானத்தைப் பார்க்கும் தோட்டத்துப் பெண்ணும் நேசிக்கிறாள். நமது குற்றச்சாட்டு, முதலில், கலை பற்றியது. மனிதரை நீக்கிவிட்ட வருணனை அரைகுறையானது. பச்சை நிறத்தைச் சொல்லிவிட்டு அது எவரது கவ்வாத்துக் கத்தியால் இடுப்பளவில் நிறுத்தப்பட்ட பச்சை என்பதைச் சொல்லாவிடின், கண்டதையே முழுமையாகக் காணவில்லை என்பது பொருள். தன்னைக் கண்டுகொண்டேன் என்று முடிக்கும் எழுத்து, எதிரே நின்ற மனிதரைக் காணத் தவறியிருக்குமாயின், அது கண்ட ‘தான்’ எத்தகையது?

தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் நாவலொன்றைக் கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘தூரத்துப் பச்சை’. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியை அறியாத தமிழரில்லை. நமது பயணக் கட்டுரையாளர் அப்பழமொழியின் குளிர்ச்சியோடு நின்றுவிடுகிறார். நாவலாசிரியரோ தூரத்தைக் கடந்து பச்சைக்குள் புகுந்தார். தொலைவைக் கடப்பதே பயணமென்றால், இவ்விருவருள் உண்மையில் பயணம் செய்தவர் யார்?

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும்போது ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். சுற்றுலாவே போயிராத பிள்ளை அன்று எழுத்தாணி நகராமல் விழிக்கும். அதற்குப் பதிலாக, ‘எங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போனவர்’ என்று தலைப்புக் கொடுத்துப் பார்ப்போம். கொழும்புக் கடையிலிருந்து தீபாவளிக்கு வந்த அண்ணனையும், வளைகுடாவிலிருந்து இன்னும் வராத அம்மாவையும் பற்றி அப்பிள்ளைகள் எழுதட்டும். தமிழில் இனி வரவேண்டிய பயண இலக்கியம் அந்தக் கொப்பிகளிலேதான் இருக்கிறது.

முதுகுப் பையோடு வருவோரும் வருக. ஆயின் தியலுமவுக்குப் போகும் வழியிலே கொஸ்லந்தையில் இறங்கி, மீரியபெத்தைக்கு வழி எது என்று ஒருவரைக் கேளுங்கள். கேட்கப்பட்டவர் சற்றுநேரம் பேசாதிருப்பார். பின்பு பேசத் தொடங்குவார். அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேளுங்கள். எழுதுவது அதன்பின் ஆகட்டும்.