கடனில்லா உழவு: ‘ஸ்டார்டியூ வேலி’ காணொளி விளையாட்டில் ஊரக வாழ்வும் பொருளியலும்

ஆய்வுச் சுருக்கம்

‘ஸ்டார்டியூ வேலி’ கதையளவில் பெருநிறுவன வணிகத்தை எதிர்க்கிறது. அதன் ஆட்டவிதிகளோ வேளாண்மையை இழப்பச்சமற்ற ஈட்டலாக வடிவமைக்கின்றன. இம்முரணையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, ஆட்டவிதி, ஊரகப் புனைவு, உழைப்பு, சந்தை

முன்னுரை

அமெரிக்கரான எரிக் பரோன் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தனியொருவராக உழைத்து உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ 2016 பிப்ரவரியில் வெளியானது. 1996இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ இதன் முன்னோடியாகும். காணொளி விளையாட்டைத் திறனாய்வோர் அதன் கதை சொல்வதையும் விதிகள் செய்விப்பதையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். இவ்விளையாட்டில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இயங்குகின்றன.

கதை முன்வைக்கும் எதிர்ப்பு

தொடக்கக் காட்சிகளுள் ஒன்று ஜோஜா நிறுவனத்தின் அலுவலகம். அங்குள்ள பணிமேசை ஒன்றன்முன் எலும்புக்கூடு அமர்ந்திருக்கிறது. அப்பணியைத் துறக்கும் ஆட்டக்காரர், பாட்டனார் விட்டுச்சென்ற பண்ணைக்குக் குடிபெயர்கிறார். பெலிகன் டவுன் என்னும் அவ்வூரிலும் ஜோஜாவின் அங்காடி உண்டு. ஊரின் பாழடைந்த சமூகக் கூடத்திற்கு இரு முடிவுகள் உள்ளன. விளைபொருள்களையும் பிறவற்றையும் ஜூனிமோ என்னும் வன ஆவிகளுக்குப் படைத்து அதனைப் புதுப்பிக்கலாம். அன்றி 5,000 பொன் செலுத்தி ஜோஜாவின் உறுப்பினராகி, அதனை நிறுவனக் கிடங்காக்கலாம். கதையின் பரிவு முன்னதன் பக்கமே. எனினும் பேருந்து, பாலம், பசுமைக்குடில் முதலிய பயன்கள் இருவழியிலும் கிட்டுகின்றன.

விதிகள் விலக்குபவை

பண்ணைக்குக் குத்தகையில்லை, வரியில்லை, விதைக்கடனும் இல்லை. 20 பொன்னுக்கு வாங்கிய விதையில் விளைந்த பார்ஸ்னிப் கிழங்கின் அடிப்படை விலை 35 பொன். ஒரே நாளில் ஆயிரம் கிழங்குகளை விற்றாலும் அவ்விலை சரிவதில்லை. காகம், இடி, பருவமாற்றம் ஆகியவை பயிரை அழிக்கக்கூடும். சோளக்கொல்லைப் பொம்மையும் இடிதாங்கியும் நாள்கணக்கும் அவற்றைத் தடுத்துவிடுகின்றன. விலை வீழ்ச்சி என்னும் இடர் மட்டும் முற்றிலும் இல்லை.

உழைப்பின் நிலையும் கருதத்தக்கது. தொடக்கத்தில் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியே நீரூற்ற வேண்டும். ஆற்றல் அளவுகோல் குறையக் குறைய உடலின் எல்லை உணரப்படுகிறது. இவ்விளையாட்டின் மிகச் செறிந்த பகுதி இதுவே. பண்ணை வளர்ந்தபின் தெளிப்பான்கள் நீர் பாய்ச்சுகின்றன. 20,000 பொன் செலவில் எழுப்பப்படும் குடிலில் தங்கும் ஜூனிமோக்கள் கூலி பெறாமல் அறுவடை செய்கின்றன. பெருநிறுவனத்திற்கு எதிரான அறச்சான்றாக நின்ற ஆவிகளே பண்ணையின் கூலியற்ற ஆள்களாகின்றன.

வறுமை இவ்வூரில் இல்லாமலில்லை. பேருந்து பழுதுற்றதால் வேலையிழந்த பாம் தன் மகளுடன் இழுவை வீட்டில் வாழ்கிறாள். ஜோஜா அங்காடியில் பணிபுரியும் ஷேன் குடியில் அமிழ்கிறான். ஆயின் இவர்கள் உழவர் அல்லர். புனைவுலகம் கடனைக் காட்டவேண்டிய கட்டாயமில்லை என வாதிடலாம். ஆனால் வேலையிழப்பையும் குடிநோயையும் காட்டத் துணிந்த படைப்பு, உழவரின் நெருக்கடியை மட்டும் விலக்குவது ஒரு தேர்வேயாகும்.

பாட்டனாரின் மதிப்பீடு

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பாட்டனாரின் ஆவி பேரப்பிள்ளையின் வாழ்வை மதிப்பிடுகிறது. மொத்தப் புள்ளிகள் 21. அவற்றுள் 7 ஈட்டிய பணத்திற்குரியவை. முழுமையாக அவற்றைப் பெறப் பத்து இலட்சம் பொன் ஈட்டியிருத்தல் வேண்டும். நட்பும் மணவாழ்வும் கணக்கில் சேர்கின்றன எனினும், அலுவலகத்தில் துறந்த அளவுகோல் பாட்டனாரின் அன்பு வழியே திரும்பி வருகிறது.

முடிவுரை

உழைத்தால் விளையும், விளைந்தால் விலைபோகும் என்பது இவ்விளையாட்டின் அடிப்படை நம்பிக்கை. விளைந்தும் விலையின்றி நொடிந்த உழவர் இவ்வுலகில் தோன்ற வழியில்லை. எனவே தோல்வியுறும் பண்ணை, திட்டமிடாத ஒருவரின் பிழையாகவே தோன்றும். ஊரகத்தை நேசிக்கக் கற்பிக்கும் படைப்பு, அங்கு வாழ்வோர் ஏன் வீழ்கின்றனர் என்பதைத் தவறாகக் கற்பிக்கவும் கூடும். உழவைச் சித்திரிக்கும் காணொளி விளையாட்டுகளை ஆராய்வோர், அவை காட்டும் வயலோடு அவற்றின் விலைப்பட்டியலையும் வாசித்தல் இன்றியமையாதது.