கடல்கட்டியும் கருத்தம்மாவும்

நெய்தல் நாவல்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். கடலோர மக்களின் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் ஆசிரியர் சிறப்பாகப் பதிவு செய்திருக்கிறார் என்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். எந்த நம்பிக்கை, அது கதைக்குள் என்ன வேலை பார்க்கிறது, அதனால் யாருக்கு என்ன ஆச்சு என்று அடுத்த பத்தியில் யாரும் கேட்பதில்லை. மீன் ரகங்கள், வலை வகைகள், காற்றின் பெயர்கள் என்ற வரிசையில் நம்பிக்கையும் ஒரு தகவலாகச் சேர்ந்துகொள்கிறது.

கடலுக்குப் போகிறவர்களின் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் பற்றிய நம்பிக்கைகளை நாவலில் வாசிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இதற்கான செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தகழியின் 'செம்மீன்', வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' மூன்றையும் மறுபடி வாசித்தேன். மூன்றும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொள்வது அப்போதுதான் தெரிந்தது.

*

முதலில் நான் எங்கே நின்று இதைப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தாடிக்கொம்பு எனக்கு ஊர். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள நேரடி உறவு கருவாடு மட்டும்தான். பக்கத்தில் ஓடும் குடகனாற்றிலேயே தண்ணீரைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அதிர்ஷ்டத்தைக் கட்டிப்போடும் கலையில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தேய்பிறை அஷ்டமி அன்று சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பைரவர் சந்நிதிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். அதில் பெரும்பாலோர் கடன், வியாபாரம், வழக்கு என்று தங்கள் கையை மீறிப்போன ஏதோ ஒன்றோடு வந்தவர்கள். கரூர் ரோட்டில் புது லாரி இறங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அது நகராது.

நான் பார்க்கும் மென்பொருள் வேலையும் விதிவிலக்கில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் யாரும் ப்ரொடக்‌ஷனில் கை வைக்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு சர்வர் ரேக்குக்கு சந்தனம் குங்குமம் வைக்காத அலுவலகம் நம் பக்கம் குறைவு. அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில், ஆறு தோல்விகளுக்குப் பிறகு 1964இல் ரேஞ்சர் 7 நிலாவை வெற்றிகரமாக எட்டியபோது கட்டுப்பாட்டு அறையில் யாரோ வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார்கள். அன்றிலிருந்து முக்கியமான தருணங்களில் அங்கே வேர்க்கடலை டப்பா சுற்றி வருகிறது. அங்கிருப்பவர்கள் யாரும் அறிவியல் தெரியாதவர்கள் இல்லை.

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி ட்ரோப்ரியண்ட் தீவுகளில் கவனித்ததும் இதுதான். கரையை ஒட்டிய, அலையில்லாத காயலில் மீன் பிடிக்கும்போது அந்த மக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. அங்கே ஆபத்து இல்லை, மீனும் உறுதி. திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் வரிசை கட்டும். கைவேலை அங்கேயும் அதே நேர்த்திதான். கைவேலை எட்டாத தூரத்துக்குத்தான் மந்திரம். அதனால் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முத்திரை குத்தி நகர்வதும், பண்பாடு என்று புல்லரித்துப் போவதும் எனக்கு ஒரே சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. பயம் நிஜம். அந்தப் பயத்தை ஒரு சமூகம் யார் தலையில் இறக்கி வைக்கிறது என்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது.

*

நம் கடற்கரையில் இதற்கு மிகத் தெளிவான ஏற்பாடு ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று ஓர் ஆள் உண்டு. கடலைக் கட்டுபவர், அதாவது சுறாக்களின் வாயைக் கட்டுபவர். அவர் கரையில் இல்லாமல் முத்துக்குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரம் போடுகிறவர்களுக்கு. அதைவிட சுவாரசியமான தகவல், மந்திரம் பகலில் மட்டும்தான் வேலை செய்யும். இரவானால் அவிழ்த்துவிடுவார்கள். சுறா இஷ்டம்போல் உலாவலாம். அப்போது எவனாவது திருட்டுத்தனமாக முத்தெடுக்க இறங்கினால் அவன் பாடு. பாதுகாப்பும் காவலும் ஒரே மந்திரத்தில். எங்கள் தொழிலில் இதை ஆக்சஸ் கன்ட்ரோல் என்போம்.

500 வருடம் கழித்து, இலங்கையின் காலனியச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் அரிப்பு முத்துக்குளிப்பைப் பார்க்கப் போகிறார். அப்போதும் கடல்கட்டி இருக்கிறார். பரம்பரைத் தொழில். குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்தின் பலம் ஆளின் மதத்தைப் பொறுத்ததில்லை என்பது அங்கே எல்லோருக்கும் சம்மதம். அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் டென்னன்டிடம் சொன்னதன் சாரம்: எனக்கு அந்த ரகசிய மந்திரம் தெரியாது, ஆனால் மேலிடத்தின் பிரதிநிதியாக நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கே சுறாக்கள் மரியாதை கொடுக்கும்.

டென்னன்ட் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள். மூச்சடக்கி இறங்குகிறவனின் பயத்துக்குக் கரையில் பொறுப்பாக ஓர் ஆள் இருக்கிறார். அவருக்குக் கூலி உண்டு. உடம்பு முடியாவிட்டால் மாற்று ஆள் அனுப்பும் கடமையும் உண்டு. அவர் வரவில்லையென்றால் அன்றைக்கு யாரும் இறங்க வேண்டியதில்லை. இது ஒரு வேலை ஒப்பந்தம்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபடுவதையும் இப்படித்தான் வாசிக்கிறேன். கொல்லக்கூடிய உயிருக்கு மரியாதை, கூடவே உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு. அந்த நம்பிக்கையின் செலவை மொத்த ஊரும் பிரித்துக்கொள்கிறது.

*

'செம்மீன்' 1956இல் மலையாளத்தில் வந்தது. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். ராமு காரியட்டின் 1965ஆம் வருடப் படம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் முடிவைப் பேசுவதில் தப்பில்லை.

இங்கே கடல்கட்டியின் வேலை மனைவியிடம் போய்விடுகிறது. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வருவது கரையில் இருப்பவளின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. கருத்தம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவள் அவள் அம்மா சக்கி. கூலி கிடையாது. மாற்று ஆள் கிடையாது. பகலில் மட்டும் என்ற வரையறையும் கிடையாது, 24 மணி நேர டியூட்டி. அலை, காற்று, சுறா என்று எது தவறினாலும் குற்றவாளி தயாராக இருக்கிறாள்.

பல வருடங்களாக இந்த நாவல் ஒரு சாபக் கதையாகவே வாசிக்கப்பட்டிருக்கிறது. கருத்தம்மா பரீக்குட்டியின் கையைப் பிடித்த இரவில் பழனி சுழலில் போகிறான். கடலம்மா தண்டித்துவிட்டாள். நம்பிக்கை நிரூபணமாகிவிட்டது.

இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகியவனுக்கு இந்த வாசிப்பு ஒத்துவராது. பழனி ஏன் அன்றைக்குத் தனியாகக் கடலில் இருந்தான்? அவன் ஊரிலேயே கெட்டிக்காரக் கடலோடி, தோணியின் பின்தலையில் நின்று துடுப்பைப் பிடிக்கிற இடம் அவனுடையது. மனைவியைப் பற்றி வதந்தி பரவியதும் கூட வேலை செய்தவர்கள் அவனோடு ஒரே தோணியில் ஏறப் பயப்படுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கப்படுகிறான். கடைசியில் சின்னத் தோணியில் தூண்டிலை வைத்துக்கொண்டு ஒற்றையாளாகப் போக வேண்டியிருக்கிறது. பெரிய சுறா மாட்டியபோது பக்கத்தில் உதவ இன்னொரு கை இல்லை. அந்தக் கையை எடுத்துப் போட்டது கடலம்மா இல்லை, ஊர்.

தகழி இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எழுதியிருக்கிறார். எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கடைசி இரவில் இரண்டு சம்பவங்களையும் ஒரே நேரத்தில் வைத்து, கரையில் ஒதுங்கும் உடல்களின் சோகத்தில் நம்மை மூழ்கடித்து, நம்பிக்கைக்கே கடைசி வார்த்தையைக் கொடுத்துவிடுகிறார். பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அழகு அதன் சாட்சியத்தை மறைத்துவிட்டது. அந்த அழகில் மயங்கிய நாமும் இத்தனை வருடம் கடலம்மாவின் பக்கமே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

*

21 வருடம் கழித்து, 1977இல் வந்த 'கடல்புரத்தில்' சின்ன நாவல். 'செம்மீ'னுக்குப் பதில் என்று வண்ணநிலவன் எங்கேயும் அறிவித்துக்கொண்டு எழுதவில்லை. எனக்கு அது பதிலாகவே படுகிறது.

குரூஸ் மிக்கேல் வல்லத்தில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி மரியம்மைக்கு வாத்தியோடு உறவு இருக்கிறது. ஊருக்கும் தெரியும். 'செம்மீன்' விதிப்படி பார்த்தால் மிக்கேல் எப்போதோ கடலோடு போயிருக்க வேண்டும். அவர் பாட்டுக்குப் போகிறார், வருகிறார். கடல் யாருடைய படுக்கையறையையும் எட்டிப் பார்ப்பதில்லை. பிலோமி சாமிதாஸைக் காதலித்து ஏமாந்து போகிறாள். அதற்கும் கடல் கொந்தளிப்பதில்லை. அவளே துக்கத்தை விழுங்கி, மெதுவாக எழுந்து உட்காருகிறாள்.

மிக்கேலை உண்மையில் உடைப்பது வேறு. லாஞ்சுகள் வந்துவிட்டன. வல்லத்தை விற்கச் சொல்லி மகனே நெருக்குகிறான். விற்ற பிறகு மனிதர் நிலைகுலைந்து போகிறார். வண்ணநிலவன் விதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விலையை வைக்கிறார். பாதி படித்துக்கொண்டிருக்கும்போது அது பெரிய காரியமாகவே தெரியாது. அந்த அடங்கிய குரல்தான் அதன் பலம். ஒழுக்கத்தையும் புயலையும் முடிச்சுப் போட்டிருந்த கயிற்றைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்டார்.

*

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. அதுவரை கடலைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாவல், இதில் தண்ணீருக்குள் இறங்குகிறது. கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை என்று மூன்று பேர் நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். அந்தக் காட்சிகளும் ஆமந்துறையின் பல பத்தாண்டுக் கதையும் மாறி மாறி வருகின்றன.

இந்த நாவலில் ஜெபம் உண்டு, மாதா உண்டு, கரையில் காத்திருக்கும் பெண்கள் உண்டு. ஆனால் தண்ணீரில் மிதக்கும் அந்த மூன்று பேருக்கிடையே நடக்கும் கணக்கு முழுக்க வேறு. யாருக்கு வயசு அதிகம், யாருக்கு இன்னும் வாழ்க்கை மிச்சம், யாருடைய உடம்பு இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு. வாசிக்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். கடலில் பிழைப்பதற்கான செலவை, கடலில் இருப்பவர்களே தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதுவரை சொல்லலாம். கரையில் இருக்கும் எந்தக் கருத்தம்மாவுக்கும் பில் அனுப்பப்படவில்லை.

குறையும் உண்டு. தகவல்களைக் கொட்டும் ஆசையில் பல இடங்களில் நாவல் மூச்சு வாங்குகிறது. பெண்கள் பலர் வந்த வேகத்தில் மறைகிறார்கள். இருந்தும் மதிப்புரைகள் இந்த நாவலின் தகவல் செறிவையே புகழ்வது எனக்கு வருத்தம். அதன் உண்மையான சாதனை, பொறுப்பை நகர்த்தி வைத்ததுதான்.

*

இதெல்லாம் பழைய கதை, இப்போது சாட்டிலைட் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது என்று சொல்லலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. புயல் எச்சரிக்கை வந்தபோது குமரி மாவட்டத்துப் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. அந்தச் செய்தி அவர்களைப் போய்ச் சேர வழியில்லை. திரும்பி வராதவர்கள் நூற்றுக்கும் மேல். அதன்பிறகு வந்த விவாதங்களில் ஏன் போனார்கள், ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்ற கேள்விகள் மீனவர்களை நோக்கியே வீசப்பட்டன. கடல்கட்டிக்குப் பதிலாக அலுவலகமும் கருவியும் வந்துவிட்டன. ஆனால் மந்திரம் தெரியாவிட்டாலும் ஆளாவது நிற்க வேண்டும் என்று வந்து நின்ற அந்த மாற்று ஆளின் பொறுப்பு எங்கே போனது?

எனக்கு இன்னொரு நாவல் வேண்டியிருக்கிறது. பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் படகில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்று உலகமெங்கும் மாலுமிகள் சொல்லிக்கொண்டிருந்த அதே கடலில்தான் அவர்கள் தினமும் மூச்சடக்கி இறங்குகிறார்கள். அவர்கள் என்னவெல்லாம் நம்புகிறார்கள், இறங்கும் முன் யாரைக் கும்பிடுகிறார்கள், கரையில் இருக்கும் புருஷனின் ஒழுக்கத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று ஒரு நாவலில் வாசிக்க ஆசை.

அப்படி ஒன்று வந்தால், தயவுசெய்து அதை நல்ல ஆவணம் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள்.